விலை யாருக்கு இரகசியம்?

2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளையும் பற்றி ஒரு முடிவெடுத்தது. காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுத்து, டீசல் இயந்திரங்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் கலப்பு மின்நிலையங்களை அங்கே அமைக்கும் வேலை சினோசோர்–ஈடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியினுடையது. தொகை ஏறத்தாழ 12 மில்லியன் அமெரிக்க டொலர். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தூரத்தில் சீன நிறுவனம் வருவதைப் புதுடில்லி ஆட்சேபித்தது. அந்த ஆண்டின் கடைசியில் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்பட்டதாக அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டதையும் சேர்த்தே சொன்னது. 2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்புக்கு வந்திருந்தபோது, அந்த வேலையை இந்தியாவின் நன்கொடையில் செய்வதென்று புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரின் யு-சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் முடிந்தது: 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், மின்கலத் தொகுதி, அவற்றோடு 2,500 கிலோவாட் டீசல் இயந்திரங்கள்.

மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் வேலை செய்பவர் மாறினார், பணம் தருபவர் மாறினார், தெரிவு நடந்த முறையும் மாறியது. ஒளிக்காகக் காத்திருந்த தீவுச் சனத்துக்கு இவை அத்தனையும் பத்திரிகைச் செய்தியாகவே வந்து சேர்ந்தன. இந்த வேலையின் கோப்பை நெடுந்தீவில் குடியிருக்கும் ஒருவர் கேட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவருக்கு எதைக் கொடுக்கும், எதை மறுக்கும்? கோப்பின் மறுபக்கத்தில் நிற்கும் நிறுவனத்துக்கு அதனால் என்ன நேரும்? இலங்கையில் தகவல் உரிமை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதிகாரிகளைப் பற்றியே பேசுகிறார்கள். அரசுக்குச் சாமான் கொடுப்பவரையும் கொந்தராத்து எடுப்பவரையும் அந்தச் சட்டம் எப்படித் தொடுகிறது என்பது அதிகம் ஆராயப்படாத பக்கம்.

சட்டத்தின் அடிப்படை எளிது. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் 14அ உறுப்புரையாகத் தகவல் அறியும் உரிமையைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு உடல் கொடுத்தது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ‘தகவல்’ என்பதற்கான வரைவிலக்கணத்துக்குள் ஒப்பந்தங்களும் அறிக்கைகளும் கடிதங்களும் மட்டுமன்றி மாதிரிகளும் பதிவேடுகளும் வெளிப்படையாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினிப் படகின் எரிபொருட் பதிவேடும், 2017இல் நெடுந்தீவுப் பிரதேச சபையின் பொறுப்பில் சேவைக்கு வந்த நெடுந்தாரகைப் படகின் பழுதுபார்ப்புப் பற்றுச்சீட்டும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

அதைவிட முக்கியமானது 43ஆம் பிரிவு. ‘பகிரங்க அதிகாரசபை’ யார் என்று சொல்லும்போது அது திணைக்களங்களோடும் உள்ளூராட்சிச் சபைகளோடும் நிற்கவில்லை. அரசுடனோ உள்ளூராட்சிச் சபையுடனோ செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில், அல்லது அவற்றிடம் பெற்ற அனுமதிப்பத்திரத்தின் பேரில் பொதுச் சேவையொன்றை நடத்தும் தனியார் நிறுவனமும், அந்தச் சேவையின் அளவுக்கு, பகிரங்க அதிகாரசபைதான். பிரதேச சபைக்காகக் குடிநீர் பவுசர் ஓட்டும் நிறுவனம் ஒன்று இருந்தால், அந்த ஓட்டத்தைப் பற்றிய கேள்விக்கு அதுவே நேரடியாகப் பதில் சொல்ல வேண்டி வரலாம். சீமெந்து மூடை விற்றுவிட்டுப் போகும் கடைக்கும் சேவையைத் தானே நடத்தும் நிறுவனத்துக்கும் இடையில் சட்டம் இப்படி ஒரு கோடு போடுகிறது. முதலாமவரின் தாள்கள் அரசு அலுவலகத்தின் வழியாக வெளியே வரும். இரண்டாமவரின் வாசலிலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்.

வழங்குநர்களின் அச்சம் பொய்யென்று தள்ளிவிட முடியாது. கேள்விப்பத்திரத்தோடு, அதாவது ஒப்பந்தப்புள்ளியோடு, ஒரு நிறுவனம் கொடுக்கும் உறையில் பலதும் இருக்கும்: மொத்த விலை, ஒவ்வொரு வேலைக்குமான அலகு விலை, இயந்திரத்தை வாங்கும் இடம், வங்கிக் கணக்கின் நிலை, பொறியியலாளர்களின் தகைமைச் சான்றிதழ்கள், சில வேளைகளில் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரு செய்முறை. இவற்றைப் போட்டியாளர் பார்த்துவிட்டால் அடுத்த கேள்வியில் ஒரு ரூபாய் குறைத்துப் போட்டுவிடுவார் என்பது உண்மையான கவலை. அதனால்தான் சட்டத்தின் 5(1)(ஈ) பிரிவு வர்த்தக இரகசியம், வணிக நம்பிக்கை, புலமைச் சொத்து ஆகியவற்றுக்குக் காப்புக் கொடுக்கிறது. ஆனால் காப்பு முழுமையானதல்ல. பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலைக் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு தாளில் மறைக்க வேண்டியது ஒரு பந்தி என்றால், அந்தப் பந்தியை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது.

விலையே இரகசியம் என்று வாதிடுவோருக்கு ஒரு பழைய நடைமுறையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இலங்கையில் கேள்விகள் திறக்கப்படும் நாளில், வந்திருக்கும் விண்ணப்பதாரர்கள் முன்னிலையில் ஒவ்வொருவருடைய தொகையும் உரத்து வாசிக்கப்படுகிறது. போட்டியாளர் எல்லோரும் கேட்ட தொகை அது. கூடத்திலே போட்டியாளர் காதில் விழுந்த எண்ணை, வரிப்பணம் கொடுத்தவரிடமிருந்து மறைப்பதற்கு வணிகக் காரணம் எதுவும் இல்லை. கேள்விகளை மதிப்பிடும் காலத்தில் குழுவின் குறிப்புகள் வெளியே போகாதிருப்பது நியாயம்; போட்டியின் நேர்மைக்கு அது தேவை. ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு அந்தக் காரணமும் போய்விடுகிறது. மிஞ்சுவது அலகு விலையின் உடைப்பும் தொழில்நுட்ப உத்தியும்தான். சண்டை நடக்க வேண்டிய இடம் அந்தச் சிறு பரப்பு மட்டுமே.

இப்போது தீவுகளின் மின்நிலையக் கோப்புக்கு வருவோம். முதல் தெரிவு திறந்த போட்டியில் நடந்தது. அதில் யார் யார் பங்கெடுத்தார்கள், எந்தத் தொகை கேட்டார்கள், ஏன் ஒருவர் தெரிவானார் என்பவற்றை மறைக்க வணிக இரகசியம் என்ற சாட்டு அதிகம் உதவாது. இரண்டாவது தெரிவு இந்திய நன்கொடையின் கீழ் வந்தது. அங்கே வேறொரு கதவு மூடிக்கொள்கிறது. 5(1)(ஆ) பிரிவின்படி, இன்னொரு நாட்டுடனான உறவைப் பாதிக்கக்கூடிய, நம்பிக்கையின் பேரில் பெறப்பட்ட தகவலை மறுக்கலாம். ஆக, ஒரே தீவுக்கு ஒரே வேலை. திறந்த கேள்வியில் வந்தால் கேட்டறியக்கூடியது, அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடாக வந்தால் கையை விட்டுப் போகலாம். கடனை அடைக்கத் தேவையில்லை என்பது நன்கொடையின் நன்மை. எத்தனை ஆண்டுக்குப் பராமரிப்பு, மின்கலம் பழுதானால் யார் செலவு, உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்ற கேள்விகள் நன்கொடையால் தீர்ந்துவிடுவதில்லை. அவற்றின் சுமை மின்சார சபையின் தலையிலும் கடைசியில் பாவனையாளர் தலையிலும்தான் விழும்.

சட்டத்தின் 9ஆம் பிரிவு இந்த இடத்தில் பெரிய ஆயுதம். யாரும் கேட்காமலே, திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாக, தம்மிடமுள்ள தகவல் அனைத்தையும் பொதுமக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்கும் கடமை அமைச்சருக்கு உண்டு. வெளிநாட்டு நிதியென்றால் 1 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டம், உள்நாட்டு நிதியென்றால் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம். 5 இலட்சம் ரூபாய் என்பது இன்றைய விலையில் ஒரு குச்சொழுங்கைக்குக் கொங்கிறீற்று போடவும் காணாது. அப்படிப் பார்த்தால் தீவகத்தின் ஏறக்குறைய எல்லா வீதி வேலையும் இறங்குதுறை வேலையும் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். சர்வதேச நாணய நிதியத்தின் 2023ஆம் ஆண்டு ஆட்சிமுறை ஆய்வுக்குப் பிறகு பேசப்பட்ட, ஒப்பந்தங்களை வெளியிடும் எல்லையோ 100 கோடி ரூபாய். ஊர்காவற்றுறைப் பிரதேச சபையின் எந்த வேலை அந்த உயரத்தைத் தொடப் போகிறது? தீவகத்துக்குப் பயன்படுவது நாணய நிதியத்தின் எல்லையல்ல, நம்முடைய சட்டத்திலே ஏற்கனவே உள்ள 9ஆம் பிரிவுதான். அது அச்சில் இருக்கும் அளவுக்கு நடப்பில் இருந்தால் விண்ணப்பங்களில் பாதிக்குத் தேவையே இருக்காது.

தீவில் இந்தக் கேள்வி கூர்மையாவதற்குக் கடல்தான் காரணம். ஒரு கியூப் சல்லிக்கும் மணலுக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு விலை. பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்குப் போனால் லொறிக்கூலி சேர்ந்த விலை. குறிகாட்டுவானில் இறக்கி, வள்ளத்தில் ஏற்றி, நெடுந்தீவுத் துறையில் மீண்டும் இறக்கி, அங்குள்ள உழவு இயந்திரத்தில் ஏற்றினால் வேறு விலை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, காற்று எழும்பிப் படகு ஓடாத நாட்களின் தாமதம் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. நேர்மையான கொந்தராத்துக்காரருக்கு இது பெரும் சங்கடம். அவருடைய தொகையை யாழ்ப்பாணத்துத் தொகையோடு ஒப்பிட்டுச் சனம் சந்தேகப்படும். நேர்மையற்றவருக்கோ அதே கடற்கூலி நல்ல மறைப்பு. எவ்வளவு கூட்டிப் போட்டாலும் கடலைக் காட்டித் தப்பிக்கலாம். அளவுப்பட்டியல் வெளியே வந்தால் முதலாமவருக்கு நல்லது, இரண்டாமவருக்குக் கேடு. தகவல் உரிமைச் சட்டம் வழங்குநருக்கு எதிரானது என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த இரண்டு பேரையும் ஒரே படகில் ஏற்றிவிடுகிறார்கள்.

இந்தியாவில் தகவல் உரிமை இயக்கம் பிறந்ததே வழங்குநரின் பற்றுச்சீட்டில்தான். 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு கிராமங்களில் பொது விசாரணைகளை நடத்தியது. கூலிப்பட்டியலும் கல், சீமெந்து வாங்கியதாகச் சொன்ன பற்றுச்சீட்டுகளும் ஊர் கூடிய இடத்தில் உரத்து வாசிக்கப்பட்டன. வேலை செய்ததாகப் பெயர் போட்டவர் செத்துப்போனவர் என்றும், கட்டியதாகச் சொன்ன கட்டடம் அங்கே இல்லையென்றும் கேட்டுக்கொண்டிருந்தவர்களே எழுந்து சொன்னார்கள். அந்தப் போராட்டம் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் வரை போனது. தமிழ்நாடு அதற்கு முன்னரே 1997இல், இந்திய மாநிலங்களுள் முதலாவதாக, தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைக்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. தகவல் கேட்கும் உரிமையும் கேள்வி முறையின் ஒழுங்கும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை என்பது அங்கே ஆரம்பத்திலேயே புரிந்திருந்தது.

இலங்கைச் சட்டத்தில் உள்ள பலவீனம் 29ஆம் பிரிவு. வழங்குநர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தகவலை ஒருவர் கேட்டால், தகவல் அலுவலர் ஒரு வாரத்துக்குள் வழங்குநருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவருக்குப் பதில் சொல்ல ஏழு நாள். பதில் வராவிட்டால் தகவலைக் கொடுக்க வேண்டும். சம்மதித்தாலும் கொடுக்க வேண்டும். மறுத்தால், அலுவலர் மறுத்தே ஆகவேண்டும். அதற்கு மேல் போவதென்றால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் போக வேண்டும். வெளியிடுவதால் வரும் நன்மை தனியார் நலனைவிடப் பெரிதென்று கண்டால் ஆணைக்குழு கட்டளையிடலாம். இந்தியச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலும் மூன்றாம் தரப்புக்கு அறிவித்தல் உண்டு. ஆனால் அவர் மறுத்த பிறகும் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டு முடிவெடுப்பவர் தகவல் அலுவலரே. வழங்குநருக்குப் பேசும் உரிமை அங்கே உண்டு. இங்கே அவருக்குத் தடுக்கும் உரிமையும் சேர்ந்து கிடைத்திருக்கிறது.

இதன் விளைவை நாட்கணக்கில் பார்க்க வேண்டும். முதல் முடிவுக்கு 14 வேலைநாள். மறுத்தால் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் முறையீடு. அவருக்கு மூன்று வாரம். பிறகு கொழும்பிலுள்ள ஆணைக்குழு. இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் ஓர் ஒழுங்கை வேலையின் தரத்தை அறிய இது மிக நீண்ட வழி. தாரோ கொங்கிறீற்றோ காய்ந்து, இறுதிக் கொடுப்பனவும் போன பிறகு வரும் பதிலுக்குப் பயனே இல்லையென்று சொல்ல முடியாது. புதிய ஆவணங்களைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டும் என்று சட்டம் சொல்வதால் பின்னொரு நாளிலும் கணக்குக் கேட்கலாம். ஆனால் வேலையைத் திருத்தும் வாய்ப்புப் போய்விடும்.

வணிக இரகசியம் மனித உயிரோடு மோதும்போது என்ன ஆகும் என்பதைத் தீவகத்துக்கு அண்மையிலுள்ள சுன்னாகம் காட்டியது. அங்கே மின்சார சபைக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்த நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனத்தின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது. சனத்துக்குத் தேவைப்பட்டது விலைப்பட்டியல் அல்ல. கழிவெண்ணெய் எங்கே போனது, சுற்றாடல் அனுமதி எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது, நீர்ப் பரிசோதனை என்ன சொல்லியது என்பவையே. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி அந்த நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. குடாநாட்டைப் போலவே தீவுகளும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் நிலம்; நன்னீர்க் கிணறு அங்கே ஒவ்வொரு ஊரின் உயிர். நெடுந்தீவில் டீசல் தாங்கி எங்கே வைக்கப்படுகிறது, பழைய மின்கலங்கள் எங்கே போகும் என்பவற்றை எந்த நிறுவனத்தின் நம்பிக்கை உரிமையும் மூடி வைக்க இடம் கொடுக்கக் கூடாது. நன்னீர் சம்பந்தப்பட்ட இடத்தில் பொதுநலன் எப்போதும் பாரமானது.

வெளியுலகில் இந்த இழுபறி ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2019இல் ஆர்கஸ் லீடர் பத்திரிகை வழக்கில் உச்சநீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது: வழக்கமாகத் தனிப்பட்டதாகப் பேணி அரசிடம் நம்பிக்கையோடு கொடுத்த தகவலென்றால் போதும், வெளியானால் பெரும் நட்டம் வருமென்று காட்ட வேண்டியதில்லை என்றது. பிரித்தானியாவில் கரிலியன் என்ற பெரும் ஒப்பந்த நிறுவனம் 2018 ஜனவரியில் நொடிந்தபோது, அதன் கையில் நானூறுக்கும் அதிகமான பொதுத்துறை ஒப்பந்தங்கள் இருந்தன. மறு ஆண்டே அந்நாட்டின் தகவல் ஆணையாளர், பொதுச் சேவை நடத்தும் ஒப்பந்தக்காரரையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பாராளுமன்றத்தைக் கேட்டார். இலங்கையின் 43ஆம் பிரிவு அதை 2016இலேயே செய்துவிட்டது. இது பெருமைப்படத்தக்க விடயம்.

ஸ்லோவாக்கியா எல்லோரையும் தாண்டியது. 2011 ஜனவரி முதல் அங்கே அரசு செய்யும் ஒப்பந்தம் இணையத்தில் வெளியாகும் வரை செல்லுபடியாகாது. மூன்று மாதத்துக்குள் வெளியாகாவிட்டால் அப்படியோர் ஒப்பந்தம் நடக்கவே இல்லையென்று கொள்ளப்படும். இந்த ஏற்பாட்டின் அழகு, தாளை வெளியிடும் அவசரம் வழங்குநருக்கே வந்துவிடுவதில் இருக்கிறது. வெளியானால்தான் அவருக்குப் பணம்.

வழங்குநரே இந்தச் சட்டத்தின் பயனாளியாகவும் இருக்கலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ‘பிரஜை’ என்ற சொல்லுக்குள், அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக உள்ள சங்கமும் நிறுவனமும் அடங்கும். கேள்வியில் தோற்றுப்போன புங்குடுதீவுக் கொந்தராத்துக்காரர், தன்னுடைய கம்பனியின் பெயரிலேயே மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்கலாம். நயினாதீவுக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இறங்குதுறையின் வரைபடத்தைக் கேட்கலாம். பெய்ஜிங்கிலும் பெங்களூரிலும் இருக்கும் நிறுவனங்களுக்கு அந்த உரிமை கிடையாது. சர்வதேசப் போட்டியில் தோற்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குத் திறக்காத கதவு, அனலைதீவுக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் திறந்திருக்கிறது. அந்தச் சங்கங்களே இன்று சிறு வேலைகளை நேரடி ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்கின்றன என்பதால், கணக்குக் கேட்கப்படும் பக்கத்திலும் அவை இருக்கின்றன. தங்கள் செலவுத் தாள்களைத் தாங்களே ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வைத்துவிடும் சங்கத்துக்கு எந்த விண்ணப்பமும் பயமாக இராது.

இந்த உரிமை வடக்குக்கு மிக அவசியமாக இருந்ததற்கு அரசியல் காரணமும் உண்டு. 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்த வடமாகாண சபைக்கு அதன் பின் 2025 முடியும் வரையிலும் தேர்தல் நடக்கவில்லை. 2023 மார்ச்சில் முடிந்த பிரதேச சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் வந்தது. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் ஒப்பந்தங்களைக் கேள்வி கேட்கச் சபையில் உறுப்பினர் எவரும் இல்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். அந்தக் காலத்து வேலைகளின் கோப்புகள் இன்னும் அலுவலகங்களில் இருக்கின்றன. சட்டப்படி இருக்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. 29ஆம் பிரிவில் வழங்குநரின் மறுப்பு அலுவலரைக் கட்டிப்போடும் ஏற்பாட்டைப் பாராளுமன்றம் நீக்கி, எடைபோடும் பொறுப்பை அலுவலரிடமே கொடுக்க வேண்டும். கேள்விப்பத்திரத்திலேயே ஒரு பக்கம் சேர்த்து, எந்தப் பந்தி இரகசியம், ஏன், எத்தனை ஆண்டுக்கு என்று வழங்குநரை முன்கூட்டியே குறிக்கச் சொல்ல வேண்டும். குறிக்காதது எல்லாம் வெளியிடத்தக்கது என்றாக வேண்டும். தீவகத்தின் மூன்று பிரதேச சபைகளும் தம் ஒப்பந்தங்களையும் அளவுப்பட்டியல்களையும் இறுதிக் கொடுப்பனவையும் தமிழில், அலுவலகப் பலகையிலும் குறிகாட்டுவான் இறங்குதுறையிலும் ஒட்டலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சபைத் தீர்மானம் ஒன்று போதும்.

தீவக வாசகர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரில் அடுத்த வேலைக்குக் கல் வந்து இறங்கும் முன்னரே அளவுப்பட்டியலைக் கேளுங்கள்.